கூட்டுத்தொகை நூறு

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருக்கிறான்.
கூட்ஸ் வண்டி. பெட்டிகளை எண்ணி மாளாது.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
மடியில் போனை வைத்து மறுபடி உள்நுழைகிறேன்.
இன்றிரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்
கண்டுபிடித்ததை அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.
அவர்கள் காசு. கேட்கிறார்கள்.

குடும்பப்பெயர் கட்டாயம் என்கிறது படிவம்.
ஆக்னஸ் மலர்விழி, இனிஷியல் பி.
ஓர் எழுத்து போதாதாம்.
பிரகாசம் என்று அடித்தேன்.
முப்பது வருடம் ஹார்பரில் யூரியா மூட்டை தூக்கிய அப்பா
காப்புரிமைக்குள் நுழைந்தார்
கேட் பாஸ் இல்லாமல்.

திட்ட அனுமதி எண்ணில் மூன்று சாய்கோடு.
சிறப்புக் குறிகள் ஏற்கப்படாது.
டெல்லியில் அவர்களே போட்ட கோடு அது.
எடுத்துவிட்டு அடித்தால்
அப்படியொரு திட்டமே இல்லை.
உதவி மையத்துக்காரன் சொன்னான்:
"கோட்டுக்குப் பதிலா இடைவெளி விடுங்க மேடம்."
விட்டேன். திறந்தது.

கருத்து உதித்த நாள்:
நாள், மாதம், வருடம்.

வாட்ஸப்பைப் பின்னோக்கித் தள்ளினேன்.
கரண்ட் பில், யாருடைய குழந்தைக்கோ மொட்டை,
கேஸ் புக்கிங் தாண்டி
ஒரு புதன்கிழமை, வீட்டுக்காரருக்கு நான்:
"கேட் போட்டான். லேட்டாகும். சோறு வச்சிடு."

அதேதான். இதே கேட்.
கணுக்காலுக்கு மேல் மழைத்தண்ணீர்,
முன்னால் மணலி டேங்கர்,
பின்புறம் முடிச்சவிழ்ந்து தொங்கிய தேங்காய்நார்க் கயிறு.
தண்ணீர்மேல் பளபளத்த டீசல்
கயிற்றைத் தேடிப் போய் ஒட்டியது.
கயிறு கறுக்கக் கறுக்க
சுற்றிலும் ஒரு முழம் தண்ணீர் தெளிந்தது.
கேட் திறந்ததே தெரியவில்லை.
"அக்கா, தூங்கிட்டியா?" என்றான் பின்னாலிருந்த ஆட்டோக்காரன்.

வெறும் நார் தண்ணீரையும் குடிக்கும்.
பதினாறு முறை மெழுகு பூசினோம், பதினாறும் வீண்.
பதினேழில் தௌலத் நிஷா அடுப்பை அணைக்க மறந்து
தொழுதுவிட்டு வந்தாள்.
மெழுகு நாருக்குள் இறங்கியிருந்தது.
'நீடித்த வெப்பப் பதம்' என்று
புதுமைப் படி கட்டத்தில் எழுதினேன்.

கண்டுபிடிப்பாளர் பங்களிப்பு, சதவீதத்தில்.
கூட்டுத்தொகை நூறாக வேண்டும்.

தௌலத்துக்கு ஐம்பது.
மார்ச்சோடு அவள் ஒப்பந்தம் முடிந்தது,
இப்போது எம்.சி. ரோட்டில் புடவை விரித்துக் காட்டுகிறாள்.
ஆதார் எண் கேட்டதற்கு
"எதுக்குக்கா, லோனா?" என்றாள்.
எனக்கு நாற்பத்தொன்பது.
மீதி ஒன்று,
கயிற்றைச் சரியாகக் கட்டாத அந்தக் கிளீனருக்கு.
பெயர் கட்டாயம்.
முகவரி கட்டாயம்.
கல்வித்தகுதிப் பட்டியல் பட்டயத்தில் தொடங்குகிறது.
லாரி எண்ணின் கடைசி நாலு இலக்கம் நினைவிருக்கிறது,
பெயரில் எண்கள் கூடாதாம்.
தொண்ணூற்றொன்பது என்று சிவப்பில் மின்னுகிறது.

பொதுவெளியில் காட்டப்பட்டதா?
காட்டுக்குப்பத்தில் அத்தனை பேர் பார்க்க
கழிமுகத்தில் இழுத்தோம்.
நாற்பத்து மூன்று லிட்டர் பிழிந்து டிரம்மில் ஊற்றினோம்.
கையில் அந்த நாற்றம் போக மூன்று நாள் ஆனது.
'இல்லை' என்று போட்டால் வேலை சுலபம்
என்றார் அலுவலகத்தில் ஒருவர்.
ஆம்.

இதுவரை ஈட்டிய வருமானம்: 0.
பிழிந்த எண்ணெய்க்குக் கட்டமில்லை.

அரசு விரும்பினால்
இதை எவருக்கும் தரலாம், சம்மதமா?
படிக்காமலே டிக் அடிக்கிற இடம்.
இதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.
தரட்டுமே.
முதலில் அந்த ஆற்றுக்குத் தரட்டும்.

தௌலத்துக்கு ஐம்பத்தொன்று.
சிவப்பு அணைந்தது.
கிளீனர் தம்பி, மன்னித்துக்கொள்.

கடைசிப் பெட்டி கடந்து கேட் உயர்கிறது.
அத்தனை வண்டியும் ஒரே மூச்சில் உறுமுகின்றன.
ஓடிபி வருகிறது,
ஆறு இலக்கம், தொண்ணூறு நொடி.
பின்னால் ஹாரன்மேல் ஹாரன்.

இருப்பா,
இன்னும் ரெண்டு நம்பர்.